எலுமிச்சை இலைத்துளைப்பான் அந்துப்பூச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலுமிச்சைத் தளிரில் வெள்ளிக்கம்பி இழைத்தது போல வளைந்து வளைந்து ஓடும் கோடு எதனால் வருகிறது?

அது ஒரு புழு நடந்த வழி. இலையின் மேற்பரப்பில் அன்று, இலைக்கு உள்ளே நடந்த வழி. இலைத்துளைப்பான் என்று வேளாண்மைத் துறையினர் அழைக்கும் மிகச்சிறிய அந்துப்பூச்சி ஒன்றின் புழு, தளிரின் மெல்லிய வெளித்தோலுக்கு அடியில் புகுந்துகொண்டு, அங்குள்ள செல்களின் சாற்றை உறிஞ்சியபடியே முன்னேறுகிறது. அது கடந்துவந்த இடத்தில் வெளித்தோல் கீழுள்ள திசுவிலிருந்து பிரிந்து நிற்க, இடைவெளியில் காற்று நிரம்புகிறது. அந்தக் காற்றுப்படலத்தின் மீது ஒளி பட்டுத் திரும்புவதால்தான் கோடு வெள்ளியைப் போல மின்னுகிறது. கோட்டை உற்று நோக்கினால் அதன் நடுவில் நூல் போன்ற கரும்பழுப்புக் கீற்று ஒன்று தெரியும். அது புழு விட்டுச்சென்ற கழிவு.

கோட்டைக் கிழித்துப் பார்த்தால் பெரும்பாலும் புழு இருப்பதில்லையே, ஏன்?

கோடு நம் கண்ணில் பளிச்சென்று படும்போது பெரும்பாலும் புழு தன் உணவுப் பருவத்தை முடித்துவிட்டிருக்கும். ஒரு தளிரில் புழு சாறு உறிஞ்சும் காலம் வெப்பமான பருவத்தில் ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய மட்டுமே. இலையோ அதன் பின்னர் மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்கும் மேலாக, அந்தத் தழும்பைச் சுமந்துகொண்டு மரத்தில் நிற்கிறது. எனவே மரத்தில் காணும் கோடுகளில் பெரும்பகுதி பழைய கதை. இந்தப் பூச்சியைப் பற்றி எழும் குழப்பங்களும், தேவையின்றி அடிக்கப்படும் மருந்துகளும் பெரும்பாலும் இந்த ஒன்றை அறியாததால் வருபவை என்பதால் இதனை முன்னதாகவே சொல்லிவிடுவது நல்லது.

உயிருள்ள புழுவைக் காண விரும்பினால் முதிர்ந்த இலையை விட்டுவிட்டு, இன்னும் வெளிர்பச்சையாய்த் துவண்டு நிற்கும் கொழுந்தை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். கோட்டின் இரு முனைகளில் ஒன்று நூலளவு குறுகியும் மற்றொன்று அகன்றும் இருக்கும். அகன்ற முனையில், மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடலோடு புழு இருக்கும்.

இதன் அறிவியல் பெயர் என்ன? பெயருக்குப் பொருள் உண்டா?

பில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா. 1856ஆம் ஆண்டில் ஹென்றி டிப்பட்ஸ் ஸ்டெயின்டன் என்னும் ஆங்கிலேயப் பூச்சியியலாளர், கல்கத்தாவிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு இதனை முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டார். பேரினப் பெயரில் இலை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லும் சுரண்டுதல் என்னும் பொருளுடைய சொல்லும் சேர்ந்துள்ளன. ‘இலைசுரண்டி’ என்று தமிழாக்கிக்கொள்ளலாம். துளைப்பான் என்னும் நம் வழக்குச் சொல்லைவிட அது பூச்சியின் செயலுக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். ஏனெனில் இது இலையை ஊடுருவித் துளையிடுவதே இல்லை, ஒரு செல் அளவு ஆழமுள்ள தோலைச் சுரண்டுவதோடு நின்றுவிடுகிறது. சிட்ரெல்லா என்பது இது வாழும் எலுமிச்சைக் குடும்பத்து மரங்களைக் குறிக்கிறது.

இது கிராசில்லாரிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் ஏறத்தாழ எல்லா இனங்களும் புழுப்பருவத்தில் இலைக்குள் வாழ்பவையே. இந்த வாழ்க்கைமுறை புதிதும் அன்று. வட அமெரிக்காவில் கிடைத்த, சுமார் 9 கோடியே 70 லட்சம் ஆண்டுகள் பழமையான இலைப் புதைபடிவங்களில் இதன் உறவினங்கள் விட்டுச்சென்றவையாகக் கருதப்படும் கோடுகள் பதிந்துள்ளன. பூக்கும் தாவரங்கள் பெருகத் தொடங்கிய காலத்திலேயே அவற்றின் இலைத்தோலுக்குள் குடியேறிவிட்ட கூட்டம் இது.

வளர்ந்த அந்துப்பூச்சி எப்படி இருக்கும்?

இறக்கைகளை விரித்து அளந்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 4 முதல் 5 மில்லிமீட்டர் மட்டுமே. மடித்து அமர்ந்திருக்கும்போது உடல் நீளம் 2 மில்லிமீட்டர் அளவுதான், ஒரு கடுகின் குறுக்களவைவிடப் பெரிதன்று. முன்னிறக்கைகள் வெள்ளி வெண்மையாக மினுமினுக்கும். அவற்றின் மீது பழுப்பும் கறுப்பும் கலந்த மெல்லிய வரிகள் ஓட, ஒவ்வோர் இறக்கையின் நுனியிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். பின்னிறக்கைகள் அகலமற்ற வெண்ணிறக் கீற்றுகள். அவற்றின் ஓரத்தில் இறகுத் தோகை போல நீண்ட மயிரிழைகள் உள்ளன.

வெறுங்கண்ணுக்கு இது ஒரு வெண்துகள் போலத்தான் தெரியும். இவ்வளவு பரவலாக இருந்தும் பெரும்பாலோர் இதனைப் பார்த்ததே இல்லை என்பதற்கு அளவு ஒரு காரணம், பகலின் பெரும்பகுதியை இலைகளின் அடியில் அசையாமல் கழிப்பது மற்றொரு காரணம்.

பெண் பூச்சி முட்டைகளை எங்கே இடுகிறது?

இப்போதுதான் விரிந்துகொண்டிருக்கும் தளிரில், பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில், நடுநரம்பை ஒட்டி. அந்தி சாய்ந்த பிறகும் இரவிலும் பறந்து, ஓரிடத்தில் ஒரு முட்டை என்ற கணக்கில் தனித்தனியாக இடுகிறது. முட்டை ஒளி ஊடுருவுவது, தட்டையானது, 0.3 மில்லிமீட்டர் அளவுள்ளது. இலையில் ஒட்டிய பனித்துளி என்று சொன்னால் மிகையாகாது. உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் அதனைத் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் அரிது. ஒரு பெண் தன் வாழ்நாளில் ஐம்பது முட்டைகள் அளவில் இடுகிறது. வெப்பத்தைப் பொறுத்து அவை 2 முதல் 10 நாட்களுக்குள் பொரிகின்றன.

ஒரே இலையில் இரண்டு மூன்று கோடுகள் காணப்படுவதும் உண்டு. தளிர்கள் குறைவாகவும் பூச்சிகள் மிகுதியாகவும் உள்ள நேரத்தில் பல பெண்கள் ஒரே இலையைத் தேடிவருவதன் விளைவு அது.

புழு இலைக்குள் எப்படிப் போகிறது, எப்படி வாழ்கிறது?

முட்டையின் அடிப்பாகம் இலையோடு ஒட்டியிருக்கிறது அல்லவா? புழு அந்த அடிப்பாகத்தின் வழியே நேராக இலைக்குள் இறங்கிவிடுகிறது. வெளிக்காற்று அதன் மீது படுவதே இல்லை. அன்று தொடங்கி, இறக்கை முளைத்துப் பறக்கும் நாள்வரை, அது பிறந்த இலையை விட்டு வெளியே வருவதில்லை. இலை வாடினாலோ உதிர்ந்தாலோ வேறோர் இலைக்கு மாறும் வழி அதற்குக் கிடையாது, ஏனெனில் அதற்குக் கால்களே இல்லை.

மற்றப் புழுக்களைப் போல இது இலையைக் கடித்து மென்று தின்பதில்லை. அதன் தலை மேலிருந்து அழுத்தப்பட்டது போல மிகவும் தட்டையானது. தாடைகள் கிடைமட்டமாக இயங்கும் மெல்லிய தகடுகள். இலையின் புறத்தோல் ஒரே அடுக்குச் செல்களால் ஆனது. அதன் மேல் மெழுகுத்தன்மை கொண்ட மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. புழு இந்தப் படலத்துக்கு அடியில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டியபடி, தகடு போன்ற தாடைகளால் செல்களை அரிந்து, வெளிப்படும் சாற்றை உறிஞ்சிக் குடிக்கிறது. கீழே உள்ள பச்சையத் திசுவைப் பெரும்பாலும் தொடுவதில்லை. அதனால்தான் வெள்ளிக்கோட்டுக்கு அடியில் இலை இன்னும் பச்சையாகவே இருப்பதைக் காண்கிறோம்.

இப்படிச் சாறு குடிக்கும் பருவங்கள் மூன்று. ஒவ்வொன்றின் முடிவிலும் கோட்டுக்குள்ளேயே தோலுரித்துச் சற்றுப் பெரிதாகிறது. அதற்கேற்பக் கோடும் அகன்றுகொண்டே போகிறது. முழுவளர்ச்சி அடைந்த புழுவின் நீளம் 3 மில்லிமீட்டர். அது போட்ட கோட்டை நீட்டி அளந்தால் சுமார் 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை வரும். தன் உடலைப்போல இருபது, முப்பது மடங்கு நீளமுள்ள பாதையை, ஒரு முறைகூட வெளியே எட்டிப்பார்க்காமல், இலையின் தோலுக்குள்ளேயே வெட்டிமுடிக்கும் அந்த உழைப்பை எண்ணும்போது, இதனைப் பூச்சிப்பட்டியலில் ஒரு வரியாக மட்டும் படித்துவிட்டுப் போக மனம் வருவதில்லை.

இலையின் ஓரம் மடிந்துகொள்வது எதனால்?

அது நான்காம் பருவத்தின் வேலை. மூன்றாம் பருவம் முடிந்து தோலுரிக்கும் புழு முற்றிலும் வேறொரு பிராணியாக மாறிவிடுகிறது: தட்டையான தலையும் தகடு போன்ற தாடைகளும் போய், உடல் உருளையாகிறது. இனி அதற்கு உணவு தேவையில்லை. இலை விளிம்பை அடைந்திருக்கும் அது பட்டிழையைச் சுரந்து, விளிம்பை உள்நோக்கி இழுத்துக் கட்டுகிறது. இழை உலரும்போது இறுகுவதால் இலையின் ஓரம் மடிந்து ஒரு சிறு அறை உண்டாகிறது. அந்த அறைக்குள்தான் கூட்டுப்புழுப் பருவம் கழிகிறது. ஒரே பிறவியில் புழு தன் உருவத்தையும் உண்ணும் முறையையும் இவ்வாறு அடியோடு மாற்றிக்கொள்வதைப் பூச்சியியலில் மிகையுருமாற்றம் என்பார்கள்.

மடிந்த விளிம்பை நகத்தால் மெல்லப் பிரித்தால் உள்ளே மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் கூட்டுப்புழு இருக்கும். வெறுமையாக இருந்தால் அந்துப்பூச்சி பறந்துவிட்டது என்று பொருள். வேறு ஏதேனும் இருந்தால், அதைப் பற்றிக் கீழே இயற்கை எதிரிகள் பற்றிய விடையில் காண்க.

கூட்டிலிருந்து பூச்சி எவ்வாறு வெளிவருகிறது?

கூட்டுப்புழுவின் தலையில் கூரிய முள் போன்ற உறுப்பு ஒன்று உள்ளது. அதைக் கொண்டு அறையின் சுவரைக் கிழித்து, கூட்டுப்புழு தன் உடலின் முன்பாதியை வெளியே நீட்டிக்கொள்கிறது. பின்னர் அதன் தோல் வெடிக்க, அந்துப்பூச்சி வெளியேறுகிறது. பறந்த பிறகும் காலித்தோல் இலை விளிம்பில் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

இது பெரும்பாலும் விடியலை ஒட்டி நிகழ்கிறது. இனச்சேர்க்கைக்கான அழைப்பும் அதே வேளைதான்: பெண், இருள் பிரியும் முன் தன் உடலிலிருந்து ஒருவகை மணப்பொருளைக் காற்றில் விட, ஆண்கள் அதன் வழியே தேடிவருகின்றன. அந்த மணப்பொருளின் ஒரு கூறு ஜப்பானில் 1980களிலேயே தெரியவந்தது. ஆனால் அதைக் கொண்டு வேறு நாடுகளில் வைத்த பொறிகளில் ஆண்கள் வந்து விழவில்லை. மற்றொரு கூறும் அதனுடன் சேர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகளில்தான் தெளிவாயிற்று. வளர்ந்த பூச்சியின் ஆயுள் பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டியே அமைகிறது.

ஒரு தலைமுறை முடிய எத்தனை நாட்கள் ஆகும்?

முட்டை முதல் அந்துப்பூச்சி வரை குறைந்தது 13 நாட்கள், கூடியது 52 நாட்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குக் காரணம் வெப்பநிலைதான். புழுப்பருவம் 5 முதல் 20 நாட்கள், கூட்டுப்புழுப் பருவம் 6 முதல் 22 நாட்கள் என ஒவ்வொரு கட்டமும் வெயிலில் சுருங்கிக் குளிரில் நீள்கிறது. வெப்பம் 12 டிகிரி செல்சியசை ஒட்டித் தாழ்ந்தால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோகிறது. 25 முதல் 30 டிகிரி வரை இதற்கு மிகவும் உகந்தது. ஆண்டு முழுவதும் வெப்பமும் தளிரும் இருக்கும் இடங்களில் தலைமுறைகள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தொடர்ந்துகொண்டே இருப்பதால், முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி ஆகிய நான்கையும் ஒரே நாளில் ஒரே மரத்தில் காண முடியும்.

முதிர்ந்த இலைகளை இது ஏன் விட்டுவிடுகிறது?

தளிரின் மேற்படலம் மெல்லியது, புறத்தோல் செல்கள் மென்மையானவை, சாறு நிறைந்தவை. இலை விரிந்து முற்றும்போது படலம் தடித்து, செல்சுவர்கள் இறுகிவிடுகின்றன. புதிதாய்ப் பொரிந்த புழுவால் அதனைப் பிரிக்க இயலாது. ஆகவே இப்பூச்சிக்கும் இலைக்கும் இடையே நடப்பது ஒரு காலப்போட்டி. இலை முற்றுவதற்குள் புழு தன் உணவை முடித்தாக வேண்டும். ஆகையால்தான் பெண் பூச்சி பாதி விரிந்த கொழுந்தைத் தேர்ந்தெடுக்கிறது, புழுப்பருவமும் இவ்வளவு சுருக்கமாக அமைந்திருக்கிறது.

இதிலிருந்து தோட்டக்காரருக்குக் கிடைக்கும் செய்தி ஒன்று உண்டு. இப்பூச்சியின் பெருக்கத்தை மரத்தின் வயதோ மண்ணோ தீர்மானிப்பதைவிட, மரம் எப்போது, எத்தனை முறை துளிர்க்கிறது என்பதே அதிகம் தீர்மானிக்கிறது. ஒரே நேரத்தில் துளிர்த்து ஒரே நேரத்தில் முற்றிவிடும் மரத்தில் பூச்சிக்குக் கிடைக்கும் வாய்ப்பு குறுகியது. ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளிர்த்துக்கொண்டே இருக்கும் மரம் அதற்கு ஓயாத பந்தி.

எந்தெந்தச் செடிகளைத் தாக்குகிறது?

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி, நாரத்தை, பம்பளிமாஸ் எனச் சிட்ரஸ் இனத்து மரங்கள் அனைத்தையும் தாக்குகிறது. அவற்றுக்கு நெருங்கிய கும்குவாட் போன்றவற்றிலும் வாழும். அதே குடும்பத்தைச் சேர்ந்த வில்வத்திலும் காணப்பட்டதாகப் பதிவுகள் உள்ளன. தக்காளி, அவரை, கீரை ஆகியவற்றின் இலைகளில் காணும் வெண்கோடுகள் இதனால் வருபவை அல்ல.

அப்படியானால் தக்காளி இலையில் கோடு போடுவது எது? வேறுபாட்டை எப்படி அறிவது?

அது லிரியோமைசா என்னும் பேரினத்தைச் சேர்ந்த சிறு ஈ. கோடு பார்ப்பதற்கு ஒத்திருந்தாலும் வாழ்க்கை வேறு. ஈயின் புழு பச்சையத் திசுவையே தின்பதால் கோடு வெள்ளியாக மின்னாமல் வெளிறிய வெண்மையாக இருக்கும். கழிவும் நடுக்கோடாக அமையாமல், இரு ஓரங்களிலும் மாறி மாறிப் புள்ளிகளாகவோ துண்டுக் கீற்றுகளாகவோ கிடக்கும். வளர்ந்ததும் அது பெரும்பாலும் இலையை விட்டு வெளியேறி மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது.

எலுமிச்சை மரத்திலேயே அசுவினியும் இலைப்பேனும் தளிரைச் சுருட்டுவதுண்டு. சுருண்ட இலையில் வெள்ளிக்கோடு இல்லையென்றால் இலைத்துளைப்பானைக் குறைகூற வேண்டியதில்லை.

இதனால் மரம் பட்டுப்போகுமா? விளைச்சல் குறையுமா?

வளர்ந்த மரம் பட்டுப்போகாது. நான்கு வயதைக் கடந்த, நன்றாக வேரூன்றிய மரத்தில் எந்த நேரத்திலும் தளிர்கள் மொத்த இலைகளில் சிறு பங்குதான். மீதியுள்ள முற்றிய இலைகள் தங்கள் வேலையைத் தொடர்ந்து செய்கின்றன. கோடு விழுந்த இலைகூடப் பயனற்றுப் போவதில்லை. கோடு படாத பகுதிகளில் அது உணவு தயாரித்துக்கொண்டுதான் இருக்கும். இலைகள் சுருண்டும் நெளிந்தும் காண அழகற்று இருப்பது உண்மை. ஆனால் அழகின்மை வேறு, நோய் வேறு.

நாற்றங்கால் கன்றுகளிலும், நட்டு ஓரிரு ஆண்டுகளே ஆன இளமரங்களிலும் நிலைமை மாறுகிறது. அவற்றின் இலைகளில் பெரும்பகுதி தளிராகவே இருப்பதால் அடுத்தடுத்த துளிர்ப்புகள் தாக்கப்படும்போது வளர்ச்சி வெளிப்படையாகத் தடைபடும். தோல் பிரிந்த இலைகள் நீரையும் விரைவில் இழக்கின்றன. இளந்தண்டின் பச்சைத்தோலிலும், அரிதாகக் காயின் தோலிலும் கோடுகள் காணப்படலாம்.

சொறிநோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இப்பூச்சியால் விளையும் மிகக் கடுமையான தீங்கு இதுதான். எலுமிச்சைச் சொறிநோய், சாந்தோமோனாஸ் சிட்ரி என்னும் பாக்டீரியாவால் உண்டாவது. மழையும் காற்றும் சேர்ந்து அதனை மரத்துக்கு மரம் பரப்புகின்றன. அந்துப்பூச்சி நோய்க்கிருமியைச் சுமந்துகொண்டு வந்து விடுவதில்லை. ஆனால் நலமான இலையில் கிருமி இலைத்துளைகள் வழியாகவோ சிறு காயங்கள் வழியாகவோ மட்டுமே நுழைய முடியும். புழு கடந்த இலையிலோ மெழுகுப்படலம் கிழிந்து, அடியிலுள்ள திசு நெடுகத் திறந்து கிடக்கிறது. காயம் ஆறவும் நாளாகிறது. எனவே ஒரு மழைத்துளியில் வந்த கிருமி கோட்டின் நீளம் முழுவதும் பரவி, வரிசையாகச் சொறிப்புண்களை உண்டாக்கிவிடும். அமெரிக்காவின் புளோரிடாவில் இப்பூச்சி 1993இல் நுழைந்தது. 1995இல் மயாமிக்கு அருகே சொறிநோய் மீண்டும் கண்டறியப்பட்டபோது, அந்நோய் அங்கு முன்னைவிடத் தீவிரமாகப் பெருகியதற்கு இலைத்துளைப்பானின் காயங்களும் ஒரு காரணமாகக் குறிக்கப்பட்டன.

ஆகவே சொறிநோய் உள்ள வட்டாரத்தில் நான் மேலே சொன்ன ‘அழகின்மை வேறு, நோய் வேறு’ என்ற ஆறுதல் அப்படியே பொருந்தாது.

இது எங்கிருந்து உலகெங்கும் பரவியது?

தாயகம் தெற்கு, தென்கிழக்கு ஆசியா. சிட்ரஸ் மரங்களின் தாயகமும் அதுவே. ஆஸ்திரேலியாவுக்கு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே போய்ச்சேர்ந்தது. அமெரிக்கக் கண்டங்களிலும் மத்தியதரைக்கடல் நாடுகளிலும் இதன் பரவல் நிகழ்ந்தது 1990களில்தான், அதுவும் வியக்கத்தக்க விரைவில்: 1993 மே மாதம் புளோரிடாவில் நாற்றங்கால்களில் கண்டுபிடிக்கப்பட்டது, அதே ஆண்டில் ஸ்பெயினிலும் காணப்பட்டது, 1996இல் பிரேசில், 2000இல் கலிபோர்னியா. கூட்டுப்புழு இலைமடிப்புக்குள் ஒளிந்திருப்பதால் கன்றுகளோடு பயணம் செய்வது இதற்கு எளிது. புதிய இடத்தில் தளிர் இருந்தது, தாயகத்து எதிரிகள் இல்லை.

இதற்கு இயற்கை எதிரிகள் உள்ளனவா?

பல உள்ளன. எறும்புகள், சிலந்திகள், கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்கள் ஆகியவை இலைத்தோலைக் கிழித்துப் புழுவை எடுத்துத் தின்கின்றன. எனினும் முதன்மையானவை ஒட்டுண்ணிக் குளவிகளே. இவை அந்துப்பூச்சியைவிடவும் சிறியவை, மனிதரைக் கொட்டாதவை. பெண் குளவி இலைமீது நடந்து, உணர்கொம்பால் தட்டிப்பார்த்து, தோலுக்கு அடியில் உள்ள புழுவைக் கண்டறிந்து அதன் மீதோ அதற்குள்ளோ முட்டையிடுகிறது. பொரியும் குளவிப்புழு இலைத்துளைப்பானைத் தின்று வளர்கிறது.

இவற்றுள் அஜெனியாஸ்பிஸ் சிட்ரிகோலா என்னும் தென்கிழக்கு ஆசியக் குளவியின் வாழ்க்கை தனியே சொல்லத்தக்கது. இது இலைத்துளைப்பானின் முட்டையிலோ முதற்பருவப் புழுவிலோ தன் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். பாதிக்கப்பட்ட புழு எதுவும் அறியாதது போல உண்டு வளர்ந்து, விளிம்பை மடித்து, அறையும் கட்டிக்கொள்கிறது. அதற்குள் அந்த ஒற்றைக் குளவிமுட்டை பலவாகப் பிரிந்து, ஒரே உருவுடைய பல கருக்களாகிவிடும். இறுதியில் அந்த அறையைத் திறந்து பார்த்தால் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்குப் பதிலாக இரண்டு முதல் பத்து வரையிலான குளவிக் கூட்டுப்புழுக்கள் சங்கிலிக் கண்ணிகள் போல அடுக்கி நிற்கும். வீட்டைக் கட்டியது ஒன்று, குடியிருப்பது வேறு. இந்தக் குளவியை ஆஸ்திரேலியா முதலில் தருவித்து விடுவித்தது. அங்கிருந்து 1994இல் புளோரிடாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கும் நிலைபெற்றது. வறண்ட காற்று இதற்கு ஒத்துவராததால் மத்தியதரைக்கடல் நாடுகளில் இதைவிடச் சிட்ராஸ்டிகஸ் பில்லோக்னிஸ்டாய்டிஸ் என்னும் மற்றொரு குளவி நன்றாக வேரூன்றியது.

பூச்சிமருந்து அடிக்கலாமா?

வளர்ந்த மரத்துக்கு வேண்டாம் என்பதே என் விடை. முதற்காரணம், புழு இலைத்தோலுக்கு அடியிலும் கூட்டுப்புழு மடிப்புக்குள்ளும் இருப்பதால் மேலே படும் மருந்து அவற்றை எளிதில் அடைவதில்லை. இரண்டாவது, மருந்து அடித்த மறுவாரம் விரியும் தளிரில் மருந்தே இருக்காது. மூன்றாவதுதான் முக்கியம். எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் மருந்துகள், இலைமீது நடமாடும் குளவிகளை முதலில் கொல்கின்றன. எதிரி ஒளிந்திருக்க, காவலர் சாகிறார்கள்.

கன்றுகளுக்கும் இளமரங்களுக்கும், சொறிநோய் உள்ள இடங்களுக்கும் பாதுகாப்பு தேவைப்படலாம். அப்போது கோடுகள் நிறைந்த பின் அல்ல, கொழுந்து வெளிவரத் தொடங்கியதும் தெளிப்பதுதான் பயன் தரும். வேப்பங்கொட்டைச் சாறும் வேம்பு சார்ந்த மருந்துகளும் புழுவின் வளர்ச்சியைக் குலைக்கின்றன. தோட்டப்பயிர்களுக்கென்றே தயாரிக்கப்படும் கனிம எண்ணெயைத் தளிரில் மெல்லிய படலமாகத் தெளித்தால் பெண் பூச்சி முட்டையிடத் தயங்குகிறது. வேர்வழி உறிஞ்சப்பட்டுத் தளிருக்கு ஏறும் இமிடாகுளோபிரிட் போன்ற மருந்துகள் புழுவை அடையக்கூடியவைதாம். ஆனால் அவை மலரின் தேனுக்கும் ஏறுவதால் பூக்கும் பருவத்தில் தேனீக்களுக்குக் கேடு விளைவிக்கும். எதைப் பயன்படுத்தினாலும் அட்டையில் அச்சிட்டுள்ள அளவையும், அறுவடைக்கு முன் விடவேண்டிய இடைவெளியையும் மீறக்கூடாது.

மருந்தின்றி என்ன செய்யலாம்?

துளிர்ப்பைக் கட்டுப்படுத்துவதே பாதி வேலை. அடிக்கடி கவாத்து செய்தால் வெட்டிய இடமெல்லாம் புதுக்கொழுந்து விடும். ஆதலால் உயிருள்ள கிளைகளை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் வெட்டாதிருப்பது நல்லது. அடிமரத்திலும் பெருங்கிளைகளிலும் செங்குத்தாகக் கிளம்பும் நீர்ப்போத்துகளை மட்டும் அவ்வப்போது நீக்கலாம். அவை வேகமாகத் துளிர்த்துப் பூச்சிக்கு இடம் கொடுப்பவை. தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இடுவதும், பூச்சி மிகுந்த பருவத்தில் இடுவதும் மென்மையான தளிர்களைப் பெருக்கிவிடும்.

கோடு விழுந்த இலைகளைக் கிள்ளி எறியலாமா?

வேண்டியதில்லை. பழைய கோடுள்ள இலையில் பூச்சி இல்லை, ஆனால் பச்சையம் இருக்கிறது. கிள்ளினால் மரம் மறுபடியும் துளிர்க்கும். புதிய கோடுள்ள இலையிலோ குளவிகள் வளர்ந்துகொண்டிருக்கலாம். ஓரிரு தொட்டிச்செடிகள் மட்டுமே வைத்திருப்பவர் உயிருள்ள புழுவைக் கண்டால் விரலால் மெல்ல அழுத்திவிடலாம், அது போதும்.

இனக்கவர்ச்சிப் பொறி பயன்படுமா?

ஆண் பூச்சிகள் எப்போது மிகுதியாகப் பறக்கின்றன என்பதை அறிவதற்குப் பயன்படும். பொறியில் பிடித்தே பூச்சியை ஒழித்துவிடலாம் என்று எண்ணுவது வீண்.

கோடு விழுந்த மரத்தின் காய்களை உண்ணலாமா?

தாராளமாக உண்ணலாம். புழு காய்க்குள் போவதில்லை, நஞ்சு எதையும் விடுவதுமில்லை.

வாழ்க்கைச் சுழற்சியை வீட்டிலேயே கண்டறிய வழி உண்டா?

உண்டு, மாணவர்களுக்கு இதைவிட எளிய பாடம் அமைவது அரிது. அகன்ற முனையில் உயிருள்ள புழு தெரியும் கோட்டோடு கூடிய இளந்தண்டு ஒன்றைச் சாய்வாக வெட்டி, நீர் நிறைந்த சிறு புட்டியில் செருகி, புட்டியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். அதனை அகன்ற கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, குடுவையின் வாயை நெருக்கமாய் நெய்த மெல்லிய துணியால் கட்டுங்கள். வெயில் நேராகப் படாத, வெளிச்சமான இடம் போதும். தண்டு வாடினால் புழுவும் இறந்துவிடும் என்பதால் நீர் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் கோட்டின் நீளத்தை நூலால் அளந்து எழுதிவைத்தால் புழுவின் வேகம் தெரியவரும். கோடு நின்று விளிம்பு மடியும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பமான பருவமாயின் அதிலிருந்து ஒரு வாரத்தில், விடியற்காலையில் குடுவையைப் பாருங்கள். துணியின் உட்புறத்தில் வெண்துகள் போல ஓர் அந்துப்பூச்சி அமர்ந்திருக்கும், அல்லது அதைவிடச் சிறிய கருநிறக் குளவி ஒன்றோ பலவோ ஓடிக்கொண்டிருக்கும். எது வந்தாலும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். குளவியாக இருந்தால் துணியை அவிழ்த்து, மரத்தடியிலேயே விட்டுவிடுங்கள்.